பூனைக்காலியும் நடுக்குவாத ஆய்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயைப் பற்றி வந்த கட்டுரையை என் கணவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒன்பது ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்பவர் அவர். இதழை ஆடாமல் பிடிக்க அவர் கைகள் இடம் கொடுப்பதில்லை. பூனைக்காலி விதை இந்நோயைக் குணப்படுத்தும் என்றும், ஆங்கில மருத்துவம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இரண்டுமே சரியல்ல.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேப்பாக்கத்தில் இயங்கிய சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பொருளுக்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டென்பது அன்று எவருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற ஆய்வாளர், ரெசர்பின் என்ற மருந்து கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா வகையைச் சேர்ந்த டோபாவைச் செலுத்தி அவற்றை மீண்டும் நடமாட வைத்தார் (அந்த ரெசர்பினும் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைத்ததுதான்). 1960-இல் வியன்னாவில், இந்நோயோடு இறந்தவர்களின் மூளையில், டோபாவிலிருந்து உருவாகி உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற பொருள் வெகுவாகக் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர், டோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழியே கொடுத்தால் பலன் தெரியும் என்று காட்டினார். ஆக, என் கணவர் அன்றாடம் விழுங்கும் மாத்திரையில் இருப்பதும் பூனைக்காலியில் இருப்பதும் ஒரே பொருள். மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்ந்திருப்பதே வேறுபாடு. லெவோடோபா மூளையை எட்டும் முன்பே உடலின் பிற பகுதிகளில் டோபமைனாக மாறி வீணாவதை அது தடுப்பதால், குறைந்த அளவு மருந்தே போதுமானதாகிறது, குமட்டலும் குறைகிறது.

பூனைக்காலியை நவீன மருத்துவர்கள் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தும் இருக்கிறார்கள். 2004-இல் லண்டனில் எட்டுப் பேரிடம் நடந்த ஆய்வில், விதைத்தூள் மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. கட்டுரையாளர் மகிழ்ந்திருக்கக்கூடிய முடிவுதான். ஆனால் அது ஒரு வேளை மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. பின்னர் பொலிவியாவில் 14 பேருக்கு அன்றாட மருந்தாக அதைக் கொடுத்துப் பார்த்தபோது, வயிற்றுத் தொல்லையாலோ உடல்நிலை பின்னடைந்ததாலோ பாதிப் பேர் இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். இதை எழுதுவது பூனைக்காலியைத் தாழ்த்துவதற்காக அல்ல. விதையானாலும் மாத்திரையானாலும், குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்கிறதே ஒழிய, அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதை நிறுத்துவதில்லை. அழிவை நிறுத்துவதாக மெய்ப்பிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை.

எங்கள் வீட்டிலும் பூனைக்காலியைக் கொடுத்துப் பார்த்தோம். உறவினர் ஒருவர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவந்த பூனைக்காலிச் சூரணத்தை, மருத்துவரிடம் சொல்லாமல், காலையும் மாலையும் பாலில் கலந்து கொடுத்தேன், மாத்திரையையும் நிறுத்தவில்லை. இரண்டே வாரத்தில் அவருடைய தோளும் கழுத்தும் தாமாகவே நெளியத் தொடங்கின. நோய் முற்றிவிட்டது என்று பயந்துபோனோம். உண்மையில் அது லெவோடோபா மிகுந்ததன் விளைவு. பொட்டலத்தில் அளவு எதுவும் அச்சிடப்படவில்லை. ஆயினும் மருத்துவரிடம் மறைத்தது என் தவறுதான்.

நம்பிக்கையே மருந்துபோல் வேலை செய்யும் நோய் இது என்பதையும் கட்டுரையாளர் கருத்தில் கொள்ள வேண்டும். மருந்தே இல்லாத ஊசியைப் போட்டாலும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பில் நோயாளியின் மூளை டோபமைனைச் சுரக்கிறது என்பதைக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2001-இலேயே காட்டியது. எனவேதான், 'எனக்குத் தெரிந்த பத்துப் பேருக்கு நின்றது' என்ற சான்று இங்கே செல்லாது. வெற்று மருந்து பெறும் குழுவோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒப்பிட்டும் ஏமாறுவதுண்டு. நீரிழிவுக்கான எக்செனடைட் ஊசி, 2017-இல் லண்டனில் சுமார் 60 பேரிடம் நடந்த சோதனையில் நம்பிக்கை தந்தது. அந்தச் செய்தியை என் கணவர் கத்தரித்து வைத்திருந்தார். 194 பேருக்கு 96 வாரங்கள் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. வெற்று மருந்தைவிட அது மேலாக இல்லை. அந்தத் தோல்விச் செய்தி எங்கள் கண்ணில் படவே ஓராண்டு ஆயிற்று.

குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சையைப் பற்றி அடுத்த இதழில் எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். கியோட்டோவில் ஏழு பேருக்கும், வட அமெரிக்காவில் 12 பேருக்கும் செய்யப்பட்டு 2025-இல் வெளியான இரண்டு சோதனைகளும் முதன்மையாகப் பாதுகாப்பை அறியவே நடந்தவை என்பதை அக்கட்டுரையில் குறிப்பிட வேண்டுகிறேன். நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகளின் பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. அதில் தேடும் முறையை அரைப் பக்கத்தில் விளக்கினால், பணம் கட்டச் சொல்லும் விளம்பரம் எது, உண்மையான சோதனை எது என்று எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்ள முடியும். 'குணப்படுத்தும்' என்ற சொல்லுக்கு ஒரு திருத்தத்தையும் அதே இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.