கே-278 கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கே-278 என்ற எண் கொண்ட, 1989இல் மூழ்கிப்போன ‘கொம்சொமோலெட்ஸ்’ என்ற சோவியத் அணுசக்தி நீர்மூழ்கி பற்றிய கட்டுரை ஒருவழியாக அச்சில் வந்துவிட்டது. பெயர் மட்டும்தான் என்னுடையது.

முதல் நன்றி எதிர்வீட்டு சாருக்கு. சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையிலேயே காலம் தள்ளியவர். ‘அணு உலை வெடித்தது’ என்று நான் கூசாமல் எழுதியிருந்ததைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். 1989 ஏப்ரல் 7 அன்று நார்வே கடலில் தீப்பிடித்தது பின்பக்கத்து ஏழாவது அறையில், உலையை நிறுத்திவிட்டார்கள். சரி, அப்புறம் ஏன் தீ அடங்கவில்லை? “அழுத்தக் காற்றுக் குழாய் விட்டுப்போச்சுல்ல? கொல்லன் பட்டறைத் துருத்திதான்” என்றார். பத்து நாள் படித்தும் பிடிபடாதது அந்த ஒரு சொல்லில் பிடிபட்டது.

ரஷ்யாவில் மருத்துவம் படித்த தோழி, இரவுப் பணி முடிந்த களைப்போடு போனில் ரஷ்யக் குறிப்புகளை வாசித்துச் சொன்னாள். இந்த வகைக் கப்பலுக்கு வைத்த ‘பிளாவ்னிக்’ என்ற பெயருக்கு மீனின் துடுப்பு என்று பொருளாம். டைட்டானியத்தால் செய்த உடல். 1984 ஆகஸ்டில் 1,020 மீட்டர் ஆழம் வரை போய்த் திரும்பியது. அவ்வளவு ஆழம் தாங்கிய கப்பலில் இருந்த 69 பேரில் 42 பேர் போய்விட்டார்கள். பலரைக் கொன்றது தீயல்ல, கடலின் மேற்பரப்புக் குளிர். கவிழ்ந்த மிதவையைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். “உடம்புச் சூடு இறங்கினா கை தானா விட்டுடும்” என்றவள் அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை.

“கேப்டன் என்ன ஆனார்?” என்று கேட்டு ஒரு பக்கம் கூடுதலாகக் கொடுத்த இதழாசிரியருக்கும் நன்றி. கேப்டன் வானின் உட்பட ஐந்து பேர், ஆபத்தில் கப்பலிலிருந்து பிரிந்து மேலே வருவதற்கென்று வைத்த மீட்புக் கூண்டுக்குள் கப்பலோடு மூழ்கினார்கள். கூண்டு பிரிந்து மேலே வந்ததும் மூடி பிய்த்துக்கொண்டு போனது. அந்த ஐவரில் உயிரோடு மிஞ்சியவர் ஸ்லியுசாரென்கோ ஒருவர்தான். கேப்டன் பிழைக்கவில்லை.

கப்பல் மூழ்கி சுமார் 80 நிமிடத்தில் வந்து சேர்ந்த ‘அலெக்சேய் ஹ்லோபிஸ்தோவ்’ மீன்பிடிக் கப்பல்காரர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

சார், உங்கள் அட்லஸை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். கரடித் தீவுக்குத் தென்மேற்கே, கப்பல் 1,680 மீட்டர் ஆழத்தில் கிடக்கிற இடத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். அழித்துப் பார்த்தேன், போகவில்லை. மன்னிக்கவும்.