ஏடன் வியாபாரியும் அப்பாவின் டப்பாவும்

அன்புள்ள நண்பனுக்கு,

கடையைக் காலி செய்தாகிவிட்டது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. அப்பா சேர்த்த பழைய நாணய டப்பாவை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருந்தாயே, அதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏமன் நாட்டுத் துறைமுகமான ஏடனில் இருந்த பார்சி வியாபாரி கைக்கி முஞ்செர்ஜியைப் பற்றிப் படித்தேன்.

1839இல் வெள்ளைக்காரன் ஏடனைப் பிடித்து, 1937 வரை இந்தியாவோடு சேர்த்தே ஆண்டான் இல்லையா, அதனால் பார்சிகள் அங்கே போய்க் கடை போட்டு, தீக்கோயில்கூடக் கட்டிக்கொண்டார்கள். (அந்தத் தீயை 1976இல் விமானத்தில் லோனாவ்லாவுக்குக் கொண்டுவந்தது தனிக்கதை, நேரில் சொல்கிறேன்.) முஞ்செர்ஜி என்ன செய்தார் என்றால், ஏமனின் உட்பகுதியிலிருந்து வந்துசேர்ந்த பழங்கால அலபாஸ்டர் (வெள்ளை மென்கல்) சிலைகளையும் கல்வெட்டுகளையும் வாங்கி வாங்கி வைத்தார். அந்தச் சேகரிப்பு இப்போது ஏடன் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்கிறது.

அதில் அவ்சான் என்ற பழைய தென் அரேபிய நாட்டு அரசர்களின் சிலைகள் இருக்கின்றன. ஆளுயரம் இல்லாத சிலைகள் என்றாலும் பார்த்தால் கண்ணெடுக்க முடியாது. அப்பன் மஅதில் உள்ளூர் மாதிரி இடுப்பில் துணி கட்டி நிற்கிறான், மகன் யஸ்துகில்லோ கிரேக்க பாணியில் மடிப்பு மடிப்பாகப் போர்த்திக்கொண்டு நிற்கிறான்! ஒரே தலைமுறையில் உடை மாறிவிட்டது, நம் தாத்தாவும் அப்பாவும் மாதிரி. பீடத்தில் முஸ்னத் என்ற பழைய தென் அரேபிய எழுத்தில் பெயர் இருப்பதால்தான் யார் என்றே தெரிகிறது.

ஆனால் எங்கே தோண்டினார்கள், கல்லறையிலா கோயிலிலா, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது? எதையும் குறித்து வைக்கவில்லை. வாதி மர்க்கா என்ற பள்ளத்தாக்குப் பக்கம் என்கிறார்கள், அவ்வளவுதான். 1950இல் ஏமனின் இன்னொரு பழைய நகரமான திம்னாவில் முறையாகத் தோண்டியபோது கிடைத்த பெண் தலைச் சிலையை எடுத்துக்கொள், 'மிரியம்' என்று செல்லப்பெயர் வைத்தார்களே, அது இடுகாட்டில் கிடைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. முஞ்செர்ஜி மேல் எனக்குக் கோபமும் வருகிறது, நன்றியும் வருகிறது. காசு கொடுக்க ஆள் இருந்தால் தோண்டத்தான் செய்வார்கள். அவர் வாங்காமல் விட்டிருந்தாலும் வேறு யாராவது வாங்கிக் கப்பலேற்றியிருப்பார்கள். அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது, 1994 போரில் அதையும் கொள்ளையடித்தார்களே.

சரி, நம் டப்பாவுக்கு வருகிறேன். நாற்பது, ஐம்பது காசு இருக்கும், எது எங்கே கிடைத்தது என்று ஒரு சீட்டு கிடையாது. எந்தக் காசு எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் போய் உட்கார்ந்து எழுதி வாங்கப் போகிறேன், நீயும் வாயேன். உன் கையெழுத்துதான் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய கடைக்காரன்