மருந்தை எடுக்கும் முன் மாற்று வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பூஞ்சாணக்கொல்லிகளைத் தடை செய்தால் நல்லதுதானே, விவசாயிகள் ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கோபப்படாமல் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

இந்த மருந்துகளால் தண்ணீர் கெடும் என்று நீ சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. குளோரோதலோனில் என்ற பூஞ்சாணக்கொல்லியின் அனுமதியைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் மறுத்தது. அது சிதைந்து உண்டாகும் பொருள்கள் நிலத்தடி நீரில் சேரும் என்பது ஒரு முக்கியக் காரணம். மருந்து டேங்கை முதுகில் சுமப்பவர்கள் நாங்கள். அதன் கேடு முதலில் எங்கள் உடம்பைத்தான் பிடிக்கும்.

ஆனால் அந்த மருந்து கோதுமை விவசாயிக்கு எதற்கு உதவியது என்பதையும் பார். அது பூஞ்சாணத்தின் உடம்பில் பல இடத்தை ஒரே நேரத்தில் தாக்கும். அதனால் பூஞ்சாணம் அதற்கு எளிதில் பழகாது. புதிய மருந்துகள் பலவும் ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன. ஸ்ட்ரோபிலூரின் வகை வந்தபோது எவ்வளவு கொண்டாடினார்கள்! 2000-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே, மேற்கு ஐரோப்பாவில் கோதுமையின் செப்டோரியா இலைப்புள்ளி நோய்க்கு அது பலிக்காமல் போனது. பூஞ்சாணத்தின் ஒரு மரபணுவில் ஒரே ஒரு மாற்றம், அவ்வளவுதான். அப்புறம் பாரம் முழுக்க அசோல் என்ற இன்னொரு மருந்து வகையின் மேல் விழுந்தது. மனிதருக்கு நுரையீரலில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு மருத்துவர்கள் கொடுப்பதும் அசோல்தான் என்பதால், வயலில் அதை அடிப்பதையும் இப்போது கேள்வி கேட்கிறார்கள். அதுவும் நியாயமே. ஆனால் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, மிச்சமிருக்கும் இரண்டு மூன்றையே திரும்பத் திரும்ப அடிப்போம். பூஞ்சாணம் அவற்றுக்கும் பழகிவிடும். எங்கள் பயம் இதுதான் கண்ணு. நாளைக்குக் கையில் ஒன்றும் இருக்காதே என்ற பயம்.

நெல்லிலும் இதே கதை. குலை நோய்ப் பூஞ்சாணம் ஒரு கருநிறச் சுவர் கட்டி, அதற்குள் அழுத்தம் ஏற்றித்தான் இலையைத் துளைக்கிறது. டிரைசைக்ளசோல் என்ற மருந்து அந்தக் கருநிறத்தை உருவாகவிடாமல் தடுக்கும். அதனால் நோய் உள்ளே போகும் முன்பே அடிக்க வேண்டும். கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தில் பிடித்துவிட்டால் கதிர் வெளுத்து நிற்கும், உள்ளே எல்லாம் பதர். அதற்குப் பிறகு எதை அடித்தும் பயனில்லை. ஏறக்குறைய இதே வழியில் வேலை செய்யும் கார்ப்ரோபமிட் ஜப்பானில் 1998-ல் வந்தது. 2001-லேயே அதற்குப் பழகிய பூஞ்சாணம் வயலில் தென்பட்டது. டிரைசைக்ளசோலோ பல பத்தாண்டுகளாகத் தாக்குப்பிடிக்கிறது. அந்த மருந்தின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் 0.01 ஆக்கியது. அங்கே அரிசி அனுப்ப நினைப்பவர் கதிர்ப் பருவத்தில் அந்த மருந்தைத் தொடவே அஞ்சுவார்.

நோய் தாங்கும் ரகங்களைப் போடலாமே என்றாய். போடுகிறோம். அந்தத் தாங்கும் சக்தியையும் குலை நோய் சில பருவங்களுக்குள் உடைத்துவிடுகிறது. யூரியாவைக் குறைத்தால் நோய் குறையும் என்பதும் உண்மை. அதில் எங்கள் பக்கம் திருந்த வேண்டியது நிறைய இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது சீனாவின் யுன்னானில் செய்த சோதனை. நோய்க்கு எளிதில் ஆளாகும் பசை நெல்லை (வெந்தால் ஒட்டிக்கொள்ளும் வகை), நோய் தாங்கும் வீரிய ஒட்டு ரகத்தோடு ஊடே ஊடே நட்டார்கள். பசை நெல்லில் குலை நோய் 94 சதவீதம் குறைந்ததாக 2000-ல் முடிவு வெளியானது. கடைசியில் அங்கே பூஞ்சாணக்கொல்லி அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்படி ஒன்றை எங்கள் கையில் கொடுத்துவிட்டு மருந்தை எடுக்கட்டும், ஒரு வார்த்தை பேச மாட்டேன். மாற்று வரும் முன்பே எடுத்தால், குத்தகைக்கு உழுபவரும் கடன் வாங்கி நட்டவரும்தான் முதலில் விழுவார்கள். தடை போடுபவர்களுக்கு ஒரு பருவம் பொய்த்தால் ஒன்றும் ஆகாது.

உன் வேலையில் இந்த விஷயம் பேச்சுக்கு வந்தால், எந்த மருந்தை எப்போது எடுக்கிறார்கள், அதற்கு முன் எதைத் தருகிறார்கள் என்று கேள். இன்னொன்று: அந்தக் கலப்பு நடவில் இரண்டு ரகத்தையும் தனித்தனியே அறுக்க வேண்டியிருக்கும். இயந்திர அறுவடைக்கு அது ஒத்துவருமா என்று விசாரித்து எழுது. விதை வாங்குவதற்குள் பதில் வந்தால், ஒரு வயலில் மட்டும் செய்து பார்க்கலாம் என்கிறார் அப்பா.

அன்புடன்,
அம்மா