"எந்த மேனுவல் காரிலும்" என்று விற்ற ஹீல் அண்ட் டோ பயிற்சி: என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் ஹீல் அண்ட் டோ டவுன்ஷிஃப்ட் (பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்சிலரேட்டரையும் தட்டி, கியரைக் குறைக்கும் உத்தி) வீடியோ பயிற்சியை மூன்று மாதத்துக்கு முன் முழுப் பணமும் கட்டி வாங்கினேன். இது நான் உங்களுக்கு அனுப்பும் மூன்றாவது மடல். முதல் இரண்டுக்கும் "தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள், கால் தானாகப் பழகிவிடும்" என்ற ஒரே பதிலை ஒட்டி அனுப்பியிருந்தீர்கள், அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இந்த உத்தியே வீண் என்று நான் சொல்லவில்லை. பிரேக்கில் கால் இருக்கும்போதே கியரைக் குறைக்கிறோம், எஞ்சின் சுழற்சி கீழ் கியருக்கு வேண்டிய அளவுக்கு ஏறாமல் கிளட்சை விட்டால் சக்கரங்கள்தான் எஞ்சினை இழுத்துச் சுழற்ற வேண்டியிருக்கும், வண்டி வெட்டும், அதுவும் பின்சக்கர இயக்கமுள்ள கார் வளைவுக்குள் நுழையும் நேரமென்றால், எடையெல்லாம் முன்னால் போய் லேசாகிக் கிடக்கும் பின்சக்கரங்கள் வழுக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் வலது காலின் ஒரு பக்கம் பிரேக்கில் இருக்க, மறுபக்கத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுகிறோம். உங்கள் முதல் பாடத்தில் இதெல்லாம் அழகாகவே இருக்கிறது. அதை இலவசமாகக் காட்டியதை நம்பித்தான் மீதியை வாங்கினேன்.

சிக்கல் இரண்டாம் பாடத்தில் தொடங்குகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, நின்ற காரில் தினமும் இருநூறு தடவை காலைத் திருப்பிப் பழகச் சொன்னீர்கள். செய்தேன். மூன்று வாரம் விடாமல் செய்தேன். எஞ்சின் ஓடாதபோது, பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் நிற்காது, இரண்டு மூன்று மிதிகளிலேயே பெடல் கல்லாகிவிடும், உயரமாகவே நின்றுவிடும் என்பதை உங்கள் பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கல் பெடலுக்குப் பழகிய காலோடு எஞ்சினை ஓட்டி ஆளில்லாத திடலில் முதல் முறை முயன்றபோது, பெடல் சட்டென்று உள்ளே போனது, நெற்றி ஸ்டியரிங்கில் இடிக்காத குறை. அதே பாடத்தை எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, காற்றோட்டமான திறந்த இடத்தில் செய்யச் சொல்லியிருந்தால் இந்த மூன்று வாரமும் வீணாகியிருக்காது.

அப்புறம் அந்தக் குதிகால் பிடிவாதம். பெயரில் குதிகால் இருக்கிறது என்பதற்காக எல்லோரும் குதிகாலால்தான் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டுமா? இரண்டு பெடலும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் கார்களில் பாதத்தின் இடது விளிம்பை பிரேக்கில் வைத்து, வலது விளிம்பைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தட்டுபவர்கள்தான் ஏராளம். நீங்கள் காட்டிய மாதிரி முழங்காலை உள்ளே மடக்கி மடக்கி என் கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அடுத்தது. நின்ற காரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு தட்டினால், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் ஜம்மென்று ஏறுகிறது, ஓடும்போது அதையே செய்தால் ஏறுவதே இல்லை. தட்டுகிறேன், பெடல் உள்ளே போவது காலுக்குத் தெரிகிறது, எஞ்சின் மட்டும் வாயைத் திறப்பதில்லை, கிளட்சை விட்டதும் கார் முன்னும் பின்னும் குலுங்குகிறது. என் நேரக் கணக்குதான் பிசகுகிறது என்று நினைத்து ஒன்றரை மாதம் என் காலையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மெக்கானிக் நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். என் காரில் ஆக்சிலரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் கேபிள் கிடையாது, எல்லாம் மின்னணு திராட்டில், பெடலை மிதித்தால் கணினிதான் எஞ்சினுக்குச் சொல்லும். ஓடும் வண்டியில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அழுந்தினால் கணினி பிரேக்கின் பேச்சை மட்டும் கேட்கும். பெடல் சிக்கிக்கொண்டால் வண்டி பறந்துவிடாமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது, நல்ல ஏற்பாடுதான். சில கார்களில் சின்னத் தட்டலை விட்டுவிடுகிறதாம், சிலவற்றில் விடாது, தயாரிப்பாளரைப் பொறுத்தது. என்னுடையது விடாத ரகம். அதாவது நான் நூறு வருஷம் பயிற்சி செய்தாலும் என் காரில் இது நடக்காது.

உங்கள் விளம்பரத்தில் "எந்த மேனுவல் காரிலும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பணம் வாங்கும்போது பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதிவரை கேட்டீர்கள், என்ன கார் ஓட்டுகிறாய் என்று கேட்கவில்லை.

இதை இரண்டாம் மடலில் விளக்கி எழுதியதற்கு, அதே பதிலோடு ஆக்சிலரேட்டரை அகலமாக்கும் உலோகத் தகடு ஒன்றின் விற்பனை இணைப்பையும் சேர்த்து அனுப்பினீர்கள். கணினி கேட்க மறுக்கும் பெடலை அகலமாக்கி என்ன ஆகப்போகிறது? அதுவும் பிரேக்கை ஒட்டி வரும் அளவுக்கு அகலமான தகடு. அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது ஷூவின் ஓரம் அதிலும் பட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

ஐந்தாம் பாடத்தில் "ஆயிரம் ஆர்பிஎம் ஏற்றினால் போதும்" என்கிறீர்கள். எந்தக் கியருக்கு, எந்த வேகத்தில்? என் கார் கையேட்டின்படி மூன்றாம் கியர் விகிதம் 1.36, இரண்டாவது 1.95. மூன்றில் 3,000 சுற்றில் போகும்போது இரண்டுக்கு இறக்கினால் எஞ்சின் 4,300 வரை ஏற வேண்டும். அதே 4,500 சுற்றில் போனால் கிட்டத்தட்ட 6,450. தவறான கியரில் விழுந்தால் சக்கரங்களே எஞ்சினை எல்லை தாண்டிச் சுழற்றும், எரிபொருளை நிறுத்தும் ரெவ் லிமிட்டரால்கூட அதைத் தடுக்க முடியாது. இந்த எச்சரிக்கை உங்கள் பன்னிரண்டு பாடத்தில் எங்கேயும் இல்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் பிரேக்கைத் தனியாக முடித்துவிட்டு, காலை மாற்றி ஆக்சிலரேட்டரைத் தட்டி, கியரைக் குறைக்கிறேன். சாதாரணச் சாலைக்கு அதுவே தாராளம், வண்டி வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. இதை உங்களிடம் கற்கவில்லை, அந்த நண்பர் பத்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தார்.

கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும், பாதிக்குக் கூப்பன் தருகிறேன் என்ற பேச்சு வேண்டாம். "எந்த மேனுவல் காரிலும்" என்ற வரியை எடுங்கள். ஓடும்போது பிரேக்கோடு சேர்த்துத் தட்டினால் வண்டி ஏற்கிறதா, லேசான பிரேக்கில் இரண்டு பெடலும் கால் எட்டும் உயரத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வீடியோவைப் பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால் வையுங்கள். இரண்டாம் பாடத்தைத் திருத்துங்கள். பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் மூன்று மடல்களையும் உங்கள் பதில்களையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர்ப்புக்குக் கொண்டுபோவேன்.

பணம் கட்டிய ரசீதையும், ஓடும் காரில் பெடலும் ஆர்பிஎம் முள்ளும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி நண்பர் எடுத்த வீடியோவையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டு, கார் ஓட்டத் தெரிந்த ஒருவரை விட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீங்கிய கணுக்காலோடு ஒரு வாடிக்கையாளர்