மடிக்க முடியாத மடக்கு டிரெட்மில்: ஐந்தாவது முறையாக ஒரு புகார்

பெறுநர்: தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மடக்கு டிரெட்மில்லின் கேஸ் ஸ்ட்ரட் (ஓடுதளத்தைத் தூக்கவும் மெல்ல இறக்கவும் உதவும், வாயு அடைத்த உருளையும் தண்டும்) பழுதானதும், உத்தரவாதக் காலத்திற்குள் அதை மாற்றித் தர மறுப்பதும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மடக்கு டிரெட்மில்லை வாங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. ஐந்தாவது மாதத்தின் முடிவில் அதன் கேஸ் ஸ்ட்ரட் பழுதாகிவிட்டது. அன்று முதல் ஒன்பது முறை தொலைபேசியில் பேசியும், நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பியும், உங்கள் டெக்னீஷியன் இரண்டு முறை வந்து போயும், நானே ஒரு முறை இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு சேவை மையம் வரை போய்த் திரும்பியும், இன்றுவரை ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. என்னிடம் நான்கு புகார் எண்கள் இருக்கின்றன. நான்கும் "தீர்க்கப்பட்டது" என்று குறிக்கப்பட்டு மூடப்பட்டுவிட்டன. இயந்திரமோ எங்கள் கூடத்தின் நடுவே விரிந்தபடியே கிடக்கிறது. இனியும் தொலைபேசியில் கெஞ்சுவதற்கு எனக்குத் தெம்பில்லை என்பதால் எழுத்து மூலமாக உங்களிடம் முறையிடுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பெல்ட் நன்றாக ஓடுகிறது. கையேட்டில் சொன்னபடி சிலிகோன் எண்ணெய் விட்டு, பெல்ட் ஒருபக்கமாக ஒதுங்காமல் பார்த்துத்தான் பயன்படுத்தி வருகிறேன். என் புகார் முழுவதும் மடிப்பைப் பற்றியது. அந்த மடிப்புக்காகத்தான் இந்த இயந்திரத்தை வாங்கினேன்.

எங்கள் வீட்டில் பகலில் கூடமாக இருக்கும் அறைதான் இரவில் படுக்கையறை. மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் மனைவி, மேடுபள்ளம் இல்லாத இடத்தில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நாள்தோறும் மெதுவாக நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குச் சொல்லும் அளவு. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் நடந்து படிப்படியாக அந்த அளவை எட்டிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அரை மணி நேரம் நடை. மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் இயந்திரம் சுவரோரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். மடக்கு இயந்திரம் ஒன்றை வாங்கும் எந்தக் குடும்பத்தின் கணக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்பதை உங்கள் வடிவமைப்பாளர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை, நடை முடிந்து ஓடுதளத்தைத் தூக்கியபோது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் கனம் கூடிக்கொண்டே போனது. குனிந்து பார்த்தபோது, ஸ்ட்ரட்டின் தண்டு உருளைக்குள் நுழையும் இடத்தில் எண்ணெய் மினுமினுத்தது. விரலால் துடைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. தூசி படிந்து தண்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. பத்தாம் நாள், தாழ்ப்பாளைக் காலால் அழுத்தியதும், மெல்ல மெல்ல இறங்க வேண்டிய ஓடுதளம் தடாலென்று தரையில் விழுந்தது. தரை ஓடு ஒன்றில் குறுக்கே விரிசல் விட்டது. என் பேரன் மூன்றடி தள்ளி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். அந்த மூன்றடிதான் அன்று எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து நாங்கள் அதை மடிக்கத் துணியவில்லை.

இதைத்தான் உங்கள் பிரதிநிதியிடம் மூன்றாவது அழைப்பில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. "டிரெட்மில் ஓடுகிறதா சார்?" என்றார். ஓடுகிறது என்றேன். "அப்புறம் என்ன? மடிக்காமல் பயன்படுத்துங்கள். மடித்தே ஆக வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

யார் சொன்னது? நீங்கள்தான் சொன்னீர்கள். பெட்டியின் நான்கு பக்கங்களிலும் அச்சிட்டுச் சொன்னீர்கள். விளம்பரப் படத்தில் ஒரு மூதாட்டி ஒற்றைக் கையால் ஓடுதளத்தைத் தூக்கி நிறுத்துவதாகக் காட்டிச் சொன்னீர்கள். அறுபத்து மூன்று வயதில், இதுநாள்வரை எந்தக் கடையிலும் குரல் உயர்த்தாத நான், அந்த ஒரு கேள்விக்குப் பிறகு இரவு முழுவதும் உறங்கவில்லை. அழைப்புகளைப் பதிவுசெய்வதாக உங்கள் இணைப்பே ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறது. அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள் என்று மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

டெக்னீஷியன்கள் வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வந்தவர் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார். வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். ஸ்ட்ரட்டைத் தொடவே இல்லை. குளிர் காலத்தில் கேஸ் ஸ்ட்ரட் இப்படித்தான் தளர்ந்துபோகும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றார். மூடிய உருளைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெப்பநிலை குறையும்போது குறையும் என்பது உண்மைதான். ஆனால் அறையின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அழுத்தம் ஏறத்தாழ 3.4 சதவீதம்தான் குறையும். பள்ளியில் படித்த வாயு விதியை வைத்து எவரும் கணக்கிட்டுவிடலாம். மூன்று சதவீதம் குறைந்ததற்கா ஓடுதளம் தரையில் வந்து விழும்? எடை பார்க்கும் கருவியை ஓடுதளத்தின் பின்முனைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன்; 23 கிலோ காட்டியது. பழுதாவதற்கு முன் என் மனைவி இதே முனையை இரண்டு விரல்களால் தொடங்கிவைத்தால் போதும், மீதியை ஸ்ட்ரட்டே தூக்கிக்கொள்ளும்.

இரண்டாவதாக வந்தவர் நல்ல மனிதர். ஸ்ட்ரட் போய்விட்டது என்று பார்த்த உடனேயே ஒப்புக்கொண்டார். ஆனால் பாகம் கையிருப்பில் இல்லை என்றார். வந்து போனதற்கு அடையாளமாகக் கைக்கணினியில் கையெழுத்திடச் சொன்னார், இட்டேன். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் புகார் தீர்க்கப்பட்டதாக மறுநாள் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. இதைச் செய்தது அவரா, அலுவலகத்தில் இருப்பவர்களா என்பது எனக்குத் தெரியாது. என் கையெழுத்து எனக்கு எதிராகவே பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

சேவை மையத்திற்குப் போன கதை இதற்கும் முந்தையது. வரிசை மாறிச் சொல்வதற்குப் பொறுத்தருள வேண்டும். வீட்டிற்கு ஆள் அனுப்ப மூன்று வாரம் ஆகும், நீங்களே கொண்டுவந்தால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எதையெல்லாம் எடுத்துவர வேண்டும் என்று இரண்டு முறை கேட்டேன். பில் மட்டும் போதும் என்றார்கள். 62 கிலோ எடையுள்ள இயந்திரத்தைக் கயிற்றால் கட்டி, இரண்டு ஆள் வைத்து மாடிப்படியில் இறக்கி, சரக்கு வண்டி பிடித்துக் கொண்டுபோனேன். டோக்கன் வாங்கி நான்கு மணி நேரம் காத்திருந்தேன். என் முறை வந்தபோது, பெரிய பொருள்களை அதற்குரிய அட்டைப்பெட்டியில் இல்லாமல் ஏற்க முடியாது, அதுதான் விதி என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். ஓர் ஆள் படுக்கும் நீளமுள்ள அந்த அட்டைப்பெட்டியை ஏழு மாதம் எங்கே வைத்திருப்பது? இடமில்லாதவர்கள்தானே மடக்கு இயந்திரம் வாங்குகிறோம்! வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன இயந்திரத்தைக் கொண்டுபோனபடியே திருப்பி எடுத்துவந்தேன். அன்று என் முதுகில் பிடித்த வலி இன்னும் விடவில்லை. மடிக்காமல் பயன்படுத்துங்கள் என்று சொன்ன அந்தப் பிரதிநிதி அன்று மட்டும் என்னோடு வந்திருந்தால் அப்படி ஒரு வார்த்தையை அவர் வாழ்நாளில் மீண்டும் எவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்ட்ரட் தேய்மானப் பொருள், ஆகவே உத்தரவாதத்தில் வராது என்று உங்கள் கடைசி மின்னஞ்சல் கூறுகிறது. இதை நான் ஏற்க மறுக்கிறேன். பெல்ட் காலடி பட்டுத் தேய்கிறது; அதைத் தேய்மானப் பொருள் என்றால் நியாயம். ஸ்ட்ரட் நைட்ரஜன் அடைத்து மூடிய பாகம். காரின் டிக்கிக் கதவைத் தாங்கி நிற்பதும் இதே வகைப் பாகம்தான். அது வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. எங்கள் வீட்டில் ஐந்து மாதத்தில் நாளுக்கு ஒரு முறை என்று வைத்தாலும் 150 முறைதான் ஓடுதளம் ஏறி இறங்கியிருக்கும். 150 முறையில் தேய்ந்துவிடும் ஒன்றை, நாள்தோறும் மடிக்கச் சொல்லி விற்கும் இயந்திரத்தில் பொருத்தலாமா?

இந்தப் பாகம் இவ்வளவு விரைவில் போனதற்குக் காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேஸ் ஸ்ட்ரட்டைத் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்த வேண்டும் என்பது அதைத் தயாரிப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. அப்போதுதான் உருளைக்குள் இருக்கும் சிறிதளவு எண்ணெய், தண்டு நுழையும் வாயை அடைத்திருக்கும் சீலின்மீது தங்கி அதைக் காயவிடாமல் காக்கும், வாயுவும் கசியாது. உங்கள் இயந்திரத்தில், மடித்து நிறுத்தியதும் தண்டு மேல்நோக்கி நிற்கிறது. நாளில் இருபத்து மூன்றரை மணி நேரம் சீல் காய்ந்துகொண்டிருக்கிறது. மடித்த நிலையைச் சேமிக்கும் நிலையாக மட்டும் நினைத்து, அது பாகங்களை என்ன செய்யும் என்று யோசிக்காமல் விட்டதன் விளைவு இது. போதாததற்கு ஒற்றை ஸ்ட்ரட் வைத்திருக்கிறீர்கள். இரு பக்கமும் ஒவ்வொன்று இருந்திருந்தால், ஒன்று பழுதானாலும் மற்றது ஓடுதளத்தை ஓரளவாவது பிடித்து நிறுத்தியிருக்கும்.

வேகத்தைக் காட்டும் முன்பலகையான கன்சோலுக்குப் போகும் கேபிளும் கீல் ஓரத்தில், ஓடுதளம் ஏறும்போது உலோக விளிம்பில் உரசும்படி செல்கிறது. மேலுறை ஒரு விரலகலத்துக்கு வெளுத்துப்போய்விட்டது. உள்ளே செம்பு தெரிவதற்கு இன்னும் நீண்ட நாள் ஆகாது. மடித்த நிலையின் ஆழம் என்று பெட்டியில் போட்டிருக்கும் அளவு கைப்பிடியைச் சேர்க்காமல் எடுத்தது. நான் அளந்தபோது 11 சென்டிமீட்டர் கூடுதலாக வந்தது. அதனால் அலமாரிக் கதவு முழுவதும் திறப்பதில்லை. இதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். சுவரோரம் நிற்கும் பொருளுக்குச் சென்டிமீட்டர்தான் எல்லாம் என்பதை அளவெடுத்தவர் மறந்துவிட்டார்.

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் எவரும் நிம்மதியாக நடமாடவில்லை. இரவில் பாய் விரிக்க இடமில்லாமல் பேரன் டிரெட்மில்லின் மேலேயே தலையணை போட்டுப் படுக்கிறான். இருட்டில் எழுந்த என் மனைவி அதன் முனையில் கால் இடித்து விழப் பார்த்தார். அறுவைச் சிகிச்சை செய்த அதே கால். இப்போது அவர் நடப்பதையே விட்டுவிட்டார். நான்கு மாதம் பாடுபட்டுத் தேற்றிய உடல் அத்தனையும் வீணாகிவிட்டது. எங்கள் குடும்பத்தின் ஓராண்டு நிம்மதியையே நீங்கள் பறித்துக்கொண்டீர்கள் என்று சொன்னால் அதில் சிறிதும் மிகையில்லை.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாள்களுக்குள், ஸ்ட்ரட்டையும் கேபிளையும் எங்கள் வீட்டிற்கே வந்து கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். மாற்றிய பிறகு ஓடுதளத்தை என் மனைவி தன் கையால் ஐந்து முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். அது முடியும் வரை நான் எந்தக் கருவியிலும் கையெழுத்திட மாட்டேன். அது முடியாதென்றால் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தந்துவிடுங்கள். அட்டைப்பெட்டியை நீங்களே கொண்டுவாருங்கள். விரிசல் விட்ட தரை ஓட்டிற்கும், வீணாகப் போன வண்டி வாடகைக்கும் ஈடு தர வேண்டும். பில்லின் நகல், எண்ணெய் கசிந்த ஸ்ட்ரட்டின் படங்கள், உங்கள் குறுஞ்செய்திகள், நான்கு மின்னஞ்சல்கள் அனைத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. நல்ல மோட்டாரைச் செய்யத் தெரிந்த உங்களுக்கு நல்ல கீலையும் செய்யத் தெரியும் என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் பதினாறாம் நாள் காலை வரை எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், இதே இணைப்புகளுடன் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். அந்த மூன்றாவது அழைப்பின் ஒலிப்பதிவை ஆணையத்தில் ஒப்படைக்கும்படி அங்கே கேட்பேன். அதற்கு முன்பாகவே அந்தப் பிரதிநிதி என் மனைவியிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டால் அந்த ஒன்றை மட்டும் புகாரிலிருந்து விலக்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். ஓடுதளம் விழுந்ததை மட்டும் எக்காரணம் கொண்டும் விலக்கிக்கொள்ள மாட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு மேல் நானும் என் மனைவியும் வீட்டில்தான் இருப்போம். டெக்னீஷியன் வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் வாடிக்கையாளர்