இடவப்பாதிக்கு முந்தின வாரம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மே கடைசி வாரம் பிள்ளைகளோடு வருகிறாய், அருமனை வீட்டு மாடி கான்கிரீட் வார்ப்பையும் அந்த வாரமே முடிக்க வேண்டும், நடுவில் ஒருநாள் கடலுக்கும் போக வேண்டும். சந்தோஷம். ஆனால் செய்தியில் வரும் 'குமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை' என்ற ஒற்றை வரியை நம்பி நாள் குறிக்காதே. நம் மாவட்டத்துக்கு ஒரே வானிலை கிடையாது. பாலமோரில் கொட்டித் தீர்க்கும் நாளில் மயிலாடியில் தூறல்கூட விழாது.

'ஓரிரு இடங்கள்' என்றால் மழைமானிகளில் கால்பங்குக்கு மிஞ்சாமல் என்று அர்த்தம். அந்தக் கால்பங்கு எது என்று பார்த்தால் பெரும்பாலும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றார், சுருளகோடு என்று மலையடிவாரமாகவே இருக்கும். அருமனை அந்த வரிசையை ஒட்டியது. மஞ்சள் எச்சரிக்கை வந்தால் ஓரிடத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று கணக்கில் வை. பத்திரிகையில் வரும் மழை அளவு முந்தின நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. அதை 'இன்றைய மழை' என்று வாசித்துப் பலர் ஒரு நாள் தவறிவிடுகிறார்கள்.

இப்போது பெய்வது கோடை மழை. காலை வெளுத்திருக்கும், பகலில் 33, 34 டிகிரி, புழுக்கம் தாங்காது. பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று மலையில் முட்டி மேகம் திரளும். இரண்டிலிருந்து ஆறு மணிக்குள் இடியோடு கொட்டிவிட்டு ஓயும். ஆகவே வார்ப்பை விடியற்காலை ஆறுக்கே தொடங்கச் சொல். பதினொன்றுக்குள் கடைசிச் சட்டி மேலே போய்விட வேண்டும். போட்டு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் பலத்த மழை விழுந்தால் சிமெண்ட் பால் கழுவிப் போய் ஜல்லி பல்லைக் காட்டும். மாடி முழுக்க மூடும் அளவுக்குத் தார்பாய் முதல் நாளே மேலே இருக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை மணல். முந்தின மாலை மழையில் நனைந்த எம்சாண்டில் தண்ணீர் இருக்கிறது என்பதை மறந்து, வழக்கம்போல சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றிவிடுவார்கள். ஒரு மூட்டைக்குப் போகும் 80 கிலோ மணலில் 5 சதவீதம் ஈரம் என்றாலே 4 லிட்டர் அதிகம். கலவை சளசளவென்று எளிதாக ஓடும், கொத்தனாருக்கும் வேலை சுளுவு. ஆனால் பலம் போய்விடும். மணல் குவியலையும் மூடி வை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறதா என்று பார்த்துத் தண்ணீரைக் குறை. மழை பெய்கிறதே என்று நனைப்பை விட்டுவிடாதே. காலை வெயிலில் மேல்பரப்பு காய்ந்து வெடிக்கும். மறுநாளே பாத்தி கட்டி, குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் கவனி. மழை மாலை இடியோடு வருவதை விட்டு, இடியில்லாமல் கடல் பக்கமிருந்து நடுராத்திரியிலும் விடியலிலும் வரத் தொடங்கினால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேல்காற்று விடாமல் அடித்து முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுழன்றால், இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்துவிட்டது. கேரளத்தில் அது தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1, சில வருஷங்களில் அதற்கு முன்பே வரும். அப்புறம் காலை ஆறு மணிக் கணக்கு எடுபடாது, வார்ப்பைத் தள்ளிப் போடு. பூதப்பாண்டியில் உன் அத்தானின் ஏத்தன் வாழை குலை தள்ளியிருக்குமே, காற்று பிடிக்குமுன் குலை சாயும் பக்கம் முட்டுக் கொடுக்கச் சொல்.

இனி கடல். இதை இரண்டு தடவை வாசி. சித்திரை வைகாசியில் வருவது கள்ளக்கடல். காற்று இருக்காது, மேகம் இருக்காது, மழை அறிக்கையிலும் ஒன்றும் இருக்காது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புயல் அடித்தால் அங்கே கிளம்பும் பெரும் அலை மணிக்கு 50 கிலோமீட்டர் கணக்கில் நாலைந்து நாளில் நம் கரைக்கு வந்துவிடும். நீளமான அலைதான் முதலில் வந்து சேரும். கரையில் நின்று அலைக்கும் அலைக்கும் இடையே எண்ணிப் பார். ஏழெட்டு விநாடி என்றால் இங்குள்ள காற்று எழுப்பிய அலை. பதினாறு, பதினெட்டு என்று நீண்டால் பிள்ளைகளைத் தண்ணீர் பக்கமே விடாதே. நடுவே ஐந்து நிமிஷம் கடல் குளம்போலக் கிடக்கும், அந்த நேரம்தான் ஆட்கள் இறங்குவார்கள். பிறகு நாலைந்து அலை சேர்ந்து வந்து, உலர்ந்த மணல்வரை ஏறி, திரும்பும்போது காலடி மணலோடு இழுத்துக்கொண்டு போகும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் போனது இப்படித்தான். எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று நம் கரைக்குத் தனியாக அறிக்கை தரும். அதில் அலை உயரத்தை மட்டும் பார்க்காமல் விநாடியையும் பார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் கடல் ஏற்றத்தோடு சேர்ந்து அலை இன்னும் உள்ளே வரும். கடல் சரியில்லை என்றால் திற்பரப்புக்குப் போகலாம், அதுவும் காலையில். மலையில் மழை விழுந்து தண்ணீர் செம்மண் நிறமாகிச் சருகு மிதந்து வந்தால் உடனே ஏறிவிடுங்கள்.

மீன் கேட்டிருந்தாய். சின்னமுட்டத்தில் விசைப்படகுக்கு ஜூன் 14 வரை தடை. குளச்சல் பக்கம் தடை ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது, அதனால் நீ இருக்கும்வரை அங்கே கிடைக்கும்.

வார்ப்புக்கு நாள் குறிக்குமுன் ஒரு வரி எழுது. அதற்கு முந்தின மூன்று நாள் சிற்றார், பேச்சிப்பாறை மழையளவையும் மழை எந்த நேரம் பெய்தது என்பதையும் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தக்கலை நண்பன்