பினாங்குலேர்ந்து வந்த லைட்டும் நம்ம அம்பாசடர் வயரும்

மாப்ள,

நீ குடுத்துவிட்ட ஹெட்லைட் ரெண்டும் ஒடையாம வந்து சேந்துருச்சு. என் தங்கச்சி புடவைக்கு நடுவுல சுத்தி வச்சதுல ஒரு கீறல் கூட இல்ல, ஆனா அந்தப் புடவைய உன் தங்கச்சி தனக்குத்தான்னு எடுத்து பீரோவுல வச்சுட்டா, இனிமே திருப்பிக் கேக்காத. லைட் எப்படி எரியுதுன்னு போன்ல கேட்டே, நல்லாருக்குன்னு சொல்லி வச்சுட்டேன், பஸ் ஸ்டாண்ட் சத்தத்துல அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுச்சு. மாட்டின கதை கொஞ்சம் பெருசு, உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்கும், அதனால எழுதறேன்.

பெட்டியப் பிரிச்சதும் கண்ணாடியில குத்தியிருக்கற எழுத்தத்தான் மொதல்ல பாத்தேன். வட்டத்துக்குள்ள ஈ போட்டு 43, அதாவது ஜப்பான் அப்ரூவல், ஜெர்மனின்னா 1 இருக்கும், இங்கிலாந்துன்னா 11. பக்கத்துல ஹெச்சிஆர்னு இருந்துச்சு, ஹாலஜன், கிட்டத்துக்கு லோ, தூரத்துக்கு ஹை ரெண்டும் உண்டுன்னு அர்த்தம். அதோட ஒரு அம்புக்குறி, எனக்கு வேண்டியது அதுதான். லைட்டுக்கு நேர் எதிர்ல நின்னு பாக்கறவனுக்கு அம்பு வலது கைப் பக்கம் காட்டுச்சுன்னா அது நம்மள மாதிரி ரோட்ல இடது பக்கம் போற ஊருக்காக செஞ்ச கண்ணாடி. அம்பே இல்லேன்னா வலது பக்கம் போற ஊருக்கு, ரெண்டு பக்கமும் முனை இருந்தா ரெண்டுக்கும் மாத்தி வச்சுக்கலாம். உங்க மலேசியாவும் நம்மள மாதிரிதான ஓட்டறீங்க, அதனால கணக்கு சரியா வந்துருச்சு. இது ஏன் பெருசுன்னா லோ பீம் வெளிச்சம் ஒரே மட்டமா வெட்டினாப்புல விழாது, எதிர்ல வர்றவன் பக்கம் தாழ்ந்தும் நம்ம ஓரத்துப் பக்கம் 15 டிகிரி சாய்வா மேல ஏறியும் விழும், அந்த ஏத்தம் தப்பான பக்கம் இருந்துச்சுன்னா நேரா எதிர் டிரைவர் கண்ணுல போயி அடிக்கும். இங்க நிறைய பேரு ஃபாரின் லைட்டுன்னு வாங்கி மாட்டிக்கிட்டு இதப் பாக்கறதே இல்ல, பளிச்சுன்னு எரிஞ்சா போதும்.

சரி வயருக்கு வர்றேன். அப்பச்சி வாங்கின வண்டி, உனக்குத் தெரியும், மூணு தலைமுறை மெக்கானிக் கை வச்சது. லூகாஸ்ங்கற இங்கிலாந்து மின்சாமான் கம்பெனி கணக்குப்படி நீலத்துல வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்துல சிவப்புக் கோடு லோ, கறுப்பு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பற வழி. நம்ம வண்டியில லைட் ரிம்மக் கழட்டிப் பாத்தா உள்ள பச்சை, மஞ்சள், வீட்டு வயரிங் மிச்சம்னு என்னென்னமோ தொங்குது. போதாததுக்கு முன்னாடி யாரோ 100க்கு 90 வாட்ஸ் பல்பு போட்டு ஓட்டியிருக்காங்க, ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பாகி ஒரு மூலை உருகியே போச்சு. ஹெச்4ங்கறது லோ கம்பி ஹை கம்பி ரெண்டும் ஒண்ணா இருக்கற பல்பு, அதுக்கு ஹை 60, லோ 55 வாட்ஸ்தான், ரெண்டு லைட்டும் ஹை பீம்ல சேந்து 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸ்னா 16 ஆம்பியருக்கு மேல போயிரும், அந்த ஒல்லி வயரு எங்க தாங்கும்.

புது லைட்ட மாட்டறதுக்கு முன்னாடி பழசுலயே மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன். லைட்டப் போட்டுக்கிட்டு பேட்டரி முனையில 12.4 வோல்ட், லைட் ஹோல்டர்ல வெறும் 10.7. மிச்சம் எங்க போச்சுன்னா பேட்டரிலேர்ந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கேர்ந்து லோ ஹை மாத்த கால்ல மிதிக்கிற டிப்பர், அங்கேர்ந்து திரும்ப முன்னாடி மூக்கு வரைக்கும்னு அவ்வளவு தூரம் கரண்ட் நடந்து வருதுல்ல, ஒவ்வொரு கனெக்‌ஷன்லயும் கொஞ்சம் கொஞ்சமா சூடாப் போயிருது. ஹாலஜன் பல்புல வோல்டேஜ் பத்து சதவீதம் கொறஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் கொறையும், அப்ப நம்ம வண்டிக்கு நாப்பது சதவீதம் வெளிச்சம் வயருக்குள்ளயே செத்துப்போச்சுன்னு வச்சுக்க. இந்த லட்சணத்துல நீ அனுப்பின கண்ணாடிய மாட்டினாலும் அதே மஞ்சள் மினுக்குதான் வந்துருக்கும், கண்ணாடி என்ன பண்ணும் பாவம்.

கூட ஒரு ரெடிமேட் ஹார்னஸ், அதான் ரிலேவோட சேந்த வயர் கட்டு, வச்சிருந்தியே, அத அப்படியே மாட்டல, கோச்சுக்காத. சில ஜப்பான் வண்டிகள்ல சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், லைட்டோட பொது முனைக்கு எப்பவும் பிளஸ் போகும், லோ ஹை ரெண்டும் எர்த்தத் தொட்டுத்தான் எரியும். அந்தக் கடைக்காரன் குடுத்தது அந்த ஜாதி. நம்ம அம்பாசடர்ல பொது முனை எர்த், சுவிட்ச் பிளஸ் பக்கம். பல்புக்கு எந்தப் பக்கம் பிளஸ்னாலும் ஒண்ணுதான், வெறும் கம்பிதான, ஆனா ரிலே, அதான் சின்னக் கரண்ட வச்சு பெரிய கரண்டப் போட்டு நிறுத்தற சுவிட்ச், தலைகீழாயிரும். அதனால அதுல இருந்த செராமிக் ஹோல்டர மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன், அது அருமையான சாமான், சூட்டுக்கு உருகாது.

செக்காலை ரோட்டுல ஒரு பேட்டரி கடைப் பையன், சின்ன வயசுதான், நல்லா வேலை செய்யறான், அவனக் கூட்டியாந்து உக்கார வச்சேன். லோவுக்கு ஒரு ரிலே, ஹைக்கு ஒரு ரிலே. ரிலே காலுல நம்பர் போட்டிருக்கும், 30ல பேட்டரி பிளஸ், 87லேர்ந்து நேரா லைட்டுக்கு, 86ல பழைய லைட் வயரு, 85 எர்த். இப்ப பழைய சுவிட்சும் டிப்பரும் ரிலேவ எழுப்பி விடற வேலை மட்டும்தான் பாக்குது, அரை ஆம்பியர் கூட வராது, இனி அது ஆயுசுக்கும் சூடாகாது. லைட்டுக்குப் போற வயரு 2.5 ஸ்கொயர் எம்எம், நிறைய இழை உள்ளது, ஒத்தைக் கம்பி வயரு வண்டி ஆட்டத்துல முறிஞ்சிரும். ஆளுக்கொரு 15 ஆம்பியர் ஃபியூஸ். பையன் ஃபியூஸ ரிலே பக்கத்துல வச்சா பாக்க நீட்டா இருக்கும்னான், நான் விடல, பேட்டரிய ஒட்டித்தான் வைக்கணும்னு சொல்லிட்டேன். ஃபியூஸுக்கு முன்னாடி வயரு எங்கயாச்சும் தகரத்துல ஒரசினா தடுக்க ஒண்ணும் கிடையாது, வண்டி எரிஞ்சுரும். தகரத்துல ஓட்டை வழியா வயரு போற எடமெல்லாம் ரப்பர் வாஷர், ரிலேவோட காலு கீழ பாத்தாப்புல, தண்ணி உள்ள நிக்காம. டேப் சுத்த வேணாம்னுட்டேன், நம்ம ஊரு வெயிலுக்கு டேப் பிசின் வடிஞ்சு அல்வா ஆயிரும், எல்லாம் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்தான்.

இப்ப முக்கியமான சமாச்சாரம். லோ பீம் போட்டா மீட்டர் பக்கத்துல இருக்கற ஹை பீம் நீல லைட்டு மங்கலா மினுக்குமே, ஞாபகம் இருக்கா? கல்யாணத்துக்குப் போயிட்டு தேவகோட்டையிலேர்ந்து ராத்திரி வர்றப்ப நீ கூட இது என்ன பேயான்னு கேட்டியே. எத்தனை வருஷமா எத்தனை பேரு சுவிட்ச மாத்தினாங்க, டிப்பர மாத்தினாங்க. காரணம் இடது லைட்டோட எர்த். அது தகரத்துல ஒரு ஸ்க்ரூல மாட்டியிருக்கு, பெயிண்டுக்கு அடியில பூரா துரு. லோவுக்கு வந்த கரண்டு எர்த்துக்குப் போக வழி இல்லாம அதே பல்போட ஹை கம்பி வழியா பின்னாடி ஏறி, ஹை வயருல போயி, வலது லைட்டோட ஹை கம்பியிலயும் அந்த நீல லைட்டுலயும் பூந்து எர்த்தத் தேடிக்கிட்டிருக்கு. அதனாலதான் இடது லைட்டு அழுவாச்சியா எரிஞ்சுச்சு, நீலமும் மினுக்குச்சு. 1953லேர்ந்து செக்ரியில, அதான் நம்ம ஊரு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, துருவப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஊருல நாம ஒரு ஸ்க்ரூ துருவக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆயிருக்கு பாரு. சுரண்டி, தகரம் பளபளன்னு தெரிய வச்சு, எர்த்துக்கும் தனியா அதே மொத்த வயரு பேட்டரி மைனஸ் வரைக்கும் இழுத்துட்டேன். எல்லாம் முடிஞ்சு அளந்தா ஹோல்டர்ல 12.1.

பல்ப கையில தொடாம துணிய வச்சு மாட்டறதெல்லாம் உனக்கே தெரியும். கண்ணாடியில பார்க்கிங் பல்புக்கு ஒரு ஓட்டை இருந்துச்சு, பழைய லைட்ல அது கிடையாது, சும்மா விட்டா தூசியும் பூச்சியும் உள்ள போயிரும்னு 5 வாட்ஸ் பல்பு போட்டு அடைச்சாச்சு. 7 இன்ச் அளவுங்கறது உலகம் பூரா ஒண்ணுங்கறதால ரிம்முக்குள்ள கச்சிதமா உக்காந்துருச்சு, அதுல ஒரு கஷ்டமும் இல்ல.

பீம் செட் பண்ணினது எங்கன்னு கேளு, உங்க வீட்டுப் பின்கட்டுச் சுவருலதான். எதிர்ல காலி எடம், தரை மட்டமா இருக்கு, வெள்ளைச் சுவரு, ஊருல வேற எங்க கிடைக்கும். 10 மீட்டர் தள்ளி வண்டிய நிறுத்தி, லைட் நடு உயரத்துக்கு சுவத்துல ஒரு கோடு, அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழ ஒரு கோடு, லோ பீமோட வெட்டு, அதான் வெளிச்சம் முடியற மேல் விளிம்பு, கீழ்க்கோட்டுல உக்காரணும். பின் சீட்டுல ஆள உக்கார வச்சுத்தான் பாக்கணும், நம்ம வண்டிக்குப் பின்னாடி பட்டை ஸ்ப்ரிங்கு, மூணு பேரு ஏறினா பின்பக்கம் தாழ்ந்து மூக்கு வானத்தப் பாக்கும். அதுக்காக வாட்ச்மேனையும் பையனையும் உன் தங்கச்சியையும் உக்கார வச்சேன், அவளுக்கு எதுக்குன்னே புரியல, ஏதோ கோயிலுக்குப் போறோம்னு நெனச்சு பூ வச்சுக்கிட்டு வந்தா. அப்புறம் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போயிட்டுத்தான் வீட்டுக்கு வர முடிஞ்சுச்சு. சாக்பீஸ் கோடு சுவத்துல அப்படியே இருக்கு, வந்து பாத்துட்டுத் திட்டாத, வெள்ளையடிக்கறப்ப போயிரும்.

தைப்பூசத்துக்கு முன்னாடி சிங்கம்புணரிக்கு ஒரு வேலையா போயிட்டு ராத்திரி திரும்பினேன். பழனிக்கு நடக்கறவங்க கூட்டம் உனக்குச் சொல்லணுமா, குன்றக்குடி தாண்டிட்டா நத்தம், திண்டுக்கல்னு ரோட்டோரம் பூரா ஜனம், காவடி, சாக்குப் பையில ஒட்டின, வெளிச்சம் பட்டா மினுங்கற ஸ்டிக்கர் சில பேருக்கு, பல பேருக்கு அதுவும் கிடையாது. முன்னாடியெல்லாம் அந்த ரோட்டுல எதிர்ல பஸ் வந்துச்சுன்னா லோ போட்ட உடனே இடது ஓரம் கருப்பாயிரும், பிரேக்குல கால வச்சுக்கிட்டே முருகான்னுதான் ஓட்டுவேன். இப்ப லோவுலயே ஓரம் தெரியுது, தூரத்துலயே வேட்டியும் வெறுங்காலும் தெரியுது. அவங்க முகத்துக்கு வெளிச்சம் ஏறுது, அது கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு, ஆனா எதிர்ல வந்த பஸ்காரன் ஒருத்தன் கூட எனக்கு லைட்ட அடிச்சுக் காட்டல. நீ அந்த நேரம் பினாங்குல வாட்டர்ஃபால் ரோட்டுல வெள்ளி ரதத்துக்குப் பின்னாடி நின்னிருப்ப.

அமெரிக்காவுலேர்ந்து மருமகப்பிள்ளை எல்இடி பல்பு கொண்டாரேங்கறான்னு சொன்னியே, வேணாம்னு சொல்லிரு மாப்ள. ஹெச்4 பல்புக்குள்ள லோ கம்பிக்கு அடியில சின்னதா ஒரு தகரக் கரண்டி இருக்கும், அந்தக் கரண்டியாலதான் வெட்டு விழுது, கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற ரிஃப்ளெக்டர் அந்தக் கம்பி இருக்கற எடத்துக்கு அளந்து செஞ்சது. அதே ஓட்டையில எல்இடிய சொருகினா வெளிச்சம் வர்ற எடம் மாறிப்போயி நாலாபக்கமும் தெறிக்கும், ஓட்டறவனுக்கு வெள்ளையா பளபளன்னு இருக்கும், எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சுரும். முழு லைட்டாவே கொண்டாந்தாலும் அங்க வலது பக்கம் ஓட்டறாங்க, அந்தப் பக்கத்துக்கு சாஞ்ச பீம் நமக்கு ஆகாது. சட்டப்படியும் வில்லங்கம்தான். புள்ளைய சும்மா வந்து ரெண்டு நாள் தங்கச் சொல்லு, அது போதும்.

வேற விசேஷம், கீழத்தெரு பெரிய வீட்ட சினிமா ஷூட்டிங்குக்கு விட்டுருக்காங்க, தெரு பூரா ஜெனரேட்டர் சத்தம். நம்ம வண்டியையும் வாடகைக்குக் கேட்டு வந்தாங்க. சரின்னு போட்டுக் காட்டினா, சார் லைட்டு ரொம்ப நல்லாருக்கு, கதை 1975ல நடக்குது, பழைய லைட்டு இருந்தா மாட்டிக் குடுங்க, மஞ்சளா மங்கலா வேணும்ங்கறான். அனுப்பிட்டேன் போடான்னு.

சித்திரையில வீட்டு ஓடு மாத்தணும்னு சொன்னியே, ஆள் பேசி வச்சிருக்கேன், கூலி அதிகம்தான் கேக்கறான், நீ வந்து பேசிக்க. வர்றப்ப அந்த செராமிக் ஹோல்டர்ல இன்னும் ரெண்டு, பல்புக்குப் பின்னாடி மாட்டற ரப்பர் மூடி ரெண்டு வாங்கிட்டு வா, பேட்டரி கடைப் பையன் தன் மாமா வண்டிக்குக் கேக்கறான், காசு குடுத்துருவான். என் தங்கச்சிக்கு சீப்புச் சீடையும் மணகோலமும் அடுத்த வாரம் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போற ஆள்கிட்ட குடுத்துவிடறேன், டப்பாவ மட்டும் திருப்பி அனுப்பிரச் சொல்லு, அது எங்க ஆத்தா டப்பா.

உன்
காரைக்குடி மாப்ள